பழனியம்மாளுக்கு வந்த அறுபத்தோரு நோய்கள்

அத்தியாயம் 11

கைலாசத்தைப் போன வாரம் பாதிச் சவரத்தில் விட்டுவிட்டு வந்தோம். மறு கன்னத்தை அவரே முடித்துக்கொண்டார். அவசரத்தில் ஒரு வெட்டு. படிகாரத்தை அதன் மேல் வைத்து அழுத்தியபடி, "ஆத்தா மாரியாயி, இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் இந்த ஊர்ல ஒருத்தரும் தும்மக்கூடாது" என்று வேண்டிக்கொண்டார்.

வேண்டுதலுக்குக் காரணம் இருந்தது.

கைலாசம் மொட்டப்புளியூர் நெசவாளர் சங்கத்தின் தலைவர். ஊரிலுள்ள இருநூறு தறிக்காரக் குடும்பங்களையும் மூன்று வருஷத்துக்கு முன்னால் சர்க்காரின் வைத்தியக் காப்பீட்டில் சேர்த்துவிட்டவர் அவர்தான். சேர்த்த அன்றே விதிப் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார். மற்றவர்கள் முதல் பக்கத்திலிருந்து படிப்பார்கள். அதனால்தான் அவர்கள் தலைவராவதில்லை.

கடைசிப் பக்கத்தில் இருந்தது அந்த வரி. மூன்று வருஷத்தில் மூன்று பேருக்கு மேல் வைத்தியச் செலவு கேட்காத சங்கத்துக்கு, கட்டியதில் ஒரு பங்கு ரிபேட்டாகத் திரும்பும். அதை அந்த ஊரின் சுகாதாரத்துக்கு மட்டுமே செலவழிக்க வேண்டும்.

"ரிபேட்டுன்னா தீபாவளிக்குத் துணிக்குத்தான குடுப்பாங்க?" என்று கேட்டவர்களுக்கு, "இது ஒடம்புக்குக் குடுக்கறது" என்று விளக்கம் சொன்னார்.

அன்றிலிருந்து சங்கக் கட்டிடத்துக்குப் பக்கத்தில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு வைத்திருந்தார். இரண்டு அறை. ஒன்றில் ஊரோடு தங்கிவிடும் ஒரு நர்சம்மா. இன்னொன்றில் வாரம் இரண்டு நாள் வந்து உட்காரும் டாக்டர். மழையில் கோடு கரையக் கரைய மறுபடியும் போட்டார். மூன்று வருஷத்தில் ஒன்பது தடவை. கடைசியில் ஊர்க் கோழிகள்கூடச் சுவரைத் தாண்டாமல், வாசலுக்கு விட்ட இடைவெளி வழியாகத்தான் போய்வந்தன.

இவ்வளவு பிடிவாதத்துக்கும் ஒரே காரணம், அவருடைய தங்கச்சி பழனியம்மாள். எழுபத்தாறாம் வருஷம் தலைப்பிரசவ வலி எடுத்து, மாட்டு வண்டியில் ராசிபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். ராசிபுரத்துக்கு இன்னும் ஐந்து மைல் என்ற கல் வரை கத்திக்கொண்டே வந்தாள். நாலாவது மைல்கல்லில் சத்தம் நின்றுவிட்டது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள்.

ஆகவே அமாவாசைக்கு அமாவாசை சங்கக் கூட்டத்தில் கைலாசம் ஒரே பேச்சைப் பேசினார். "ஒவ்வொரு கிளெயிமும் நர்சம்மா ஊட்டுச் செவுத்துல ஒரு செங்கல்லைப் புடுங்கறதுக்குச் சமம். ஆம்பளைங்களும் கேட்டுக்கோங்க, பொம்பளைங்களும் கேட்டுக்கோங்க."

கேட்டுக்கொண்டார்கள். மூன்று வருஷத்தில் மூன்றே கிளெயிம். ஓடுகிற பஸ்ஸிலிருந்து, கண்டக்டரிடம் கோபித்துக்கொண்டு இறங்கிய சின்னண்ணனின் இடுப்பு ஒன்று. நூல் கட்டுக்குள் படுத்திருந்த பாம்பு கடித்த ஆள் ஒன்று; அதில் ஆள் பிழைத்துக்கொண்டார், பாம்புதான் செத்தது. மூன்றாவது, போன தேர்தலில் கைலாசத்திடம் தோற்ற மருதாசலத்தின் குடல்வால். எதிர்க்கட்சிக் குடல்வால் வேண்டுமென்றே வீங்கியது என்று கைலாசம் இன்றைக்கும் நம்புகிறார்.

மற்றபடி ஊரில் நோய் என்பதே இல்லை. இந்தச் சங்கதி வெளியே பரவி, அயோத்தியாப்பட்டணத்து ஆள் ஒருவர் பஸ் ஏறி வந்து இரண்டு குடம் கிணற்றுத் தண்ணீர் கொண்டுபோனார். குடித்ததும் அவருக்கு வயிற்றோட்டம் கண்டது. "பழக்கமில்லாத ஒடம்பு, ஆரோக்கியத்தைத் தாங்கலை" என்று அங்கே பேசிக்கொண்டார்களாம்.

இன்றைக்கு எண்பத்து மூன்றாம் வருஷம் மார்ச்சு முப்பத்தொன்று. கெடு முடியும் நாள். சேலத்திலிருந்து காப்பீட்டு ஆபீசர் வெள்ளியங்கிரி வருகிறார். கூடவே, ஊர் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது என்று கையெழுத்துப் போட நாமகிரிப்பேட்டை லேடி டாக்டர் தெய்வநாயகி வருகிறார். அந்தக் காகிதத்தில் சங்கத்து ரப்பர் சீலைக் குத்தினால் ரிபேட். நாலாவது கிளெயிம் ஒன்று வந்தால் கோடு கோடாகவே கிடக்கும்.

"முத்தாயி, சீலை எடுத்து மேசை மேல வெச்சிரு" என்றார் கைலாசம்.

அவர் மனைவி முத்தாயம்மாள் அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சங்கத்து இரும்பு பீரோவின் சாவி அவளுடைய தாலிக்கயிற்றில்தான் தொங்கும். மூன்று சாவிகளைத் தொலைத்த தலைவருக்கு நாலாவது சாவியைக் கொடுக்க முடியாது என்று சங்கமே தீர்மானம் போட்டு அவள் கழுத்தில் மாட்டியது.

"ஆபீசர் வரட்டுமுங்க. அப்புறம் எடுத்துக்கலாம்."

"ஏன், மூச்சு வாங்குது?"

"காலையில இருந்து ஆறு ஈடு இட்டிலி. அந்த இட்டிலிக்கு வாங்கற மூச்சுங்க இது."

பக்கத்து வாசலிலிருந்து கைலாசத்தின் தம்பி பெண்டாட்டி கந்தம்மாள் எட்டிப் பார்த்தாள். "மாமா, நீங்க மாலையைப் போயி வாங்கியாங்க. அக்காளை நாம் பாத்துக்கறேன்."

"இவளைப் பாத்துக்க என்ன இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்க. சும்மா வாயில வந்துது."

கைலாசம் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். ஒரு வருஷமாக முத்தாயம்மாள் படுத்துத் தூங்குவதில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். கேட்டதற்கு வேண்டுதல் என்றாள். உட்கார்ந்து தூங்குகிற வேண்டுதலை எந்தச் சாமி ஏற்றுக்கொள்கிறது என்று கேட்டதற்கு, "நீங்க சங்கத்தைப் பாருங்க. சாமியை நாம் பாத்துக்கறேன்" என்றாள். பேச்சு அதோடு முடிந்தது. சங்கத்தைப் பார்க்கிறவருக்கு வீட்டில் இரண்டாவது கேள்வி கேட்க நேரமிருக்காது.

பத்தரை மணிக்கு டாக்டரின் பியட் கார் வந்து நின்றது. தெருவில் தறிக்கான நூல் பாவு நீட்டியிருந்ததால் கார் சங்கத்து முனையிலேயே நின்றுவிட்டது. முன்பக்கத்திலிருந்து ஆபீசர் வெள்ளியங்கிரி இறங்கினார். மெலிந்த உடம்பு, கனத்த பை. மாலையைப் போட்டதும் அதைக் கழற்றி, எண்ணிப் பார்ப்பது போல ஒரு தடவை பார்த்து, பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தலைவரே, இருபத்தி ரெண்டு வருஷ சர்வீசுல இப்படியொரு ஊரைப் பாத்ததில்ல. இங்க ஆளுக சாகறது எப்படி?"

"வயசாகித்தானுங்க சார்."

"நல்ல பழக்கம்" என்றார் ஆபீசர்.

பின்கதவு திறந்தது. டாக்டர் தெய்வநாயகி இறங்கினார். ஐம்பது வயது, பெரிய கண்ணாடி. கையில் ஸ்டெதஸ்கோப் இல்லை. அதற்குப் பதிலாகச் செங்கல் பருமனுக்கு ஒரு நோட்டு இருந்தது. நூல் வைத்து மூன்று தடவை தைத்து, மேலே மேலே தாள் சேர்த்துப் பருத்துப்போன நோட்டு.

"வணக்கமுங்க. இந்த ஊர்ல பழனியம்மாள்னு ஒருத்தங்க. அவங்களை முதல்ல பாக்கணும்" என்றார் டாக்டர்.

தெருவில் அதுவரை முப்பது வீட்டில் ராட்டைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ராட்டையில் தார் நூல் சுற்றும் பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கையை எடுத்தார்கள். அப்படியொரு அமைதியை அந்தத் தெரு சூரிய கிரகணத்துக்குக்கூடப் பார்த்ததில்லை.

அந்தப் பெயரை இந்த ஏழு வருஷத்தில் கைலாசத்தின் வீட்டுக்குள்ளேகூட யாரும் உரக்கச் சொன்னதில்லை.

"எந்தப் பழனியம்மாளுங்க?" அவர் குரல் அவருக்கே பக்கத்து வீட்டுக்காரர் குரல் மாதிரி கேட்டது.

டாக்டர் நோட்டின் அட்டையைக் காட்டினார். பழனியம்மாள், மொட்டப்புளியூர். தகப்பனார் பெயர் என்ற இடத்தில் கைலாசத்தின் அப்பா பெயர் இருந்தது. உள்ளே முதல் வருகை எண்பதாம் வருஷம் ஜூலை. கடைசி வருகை போன செவ்வாய்க்கிழமை.

செத்து ஏழு வருஷமான தங்கச்சி போன செவ்வாய்க்கிழமை நாமகிரிப்பேட்டைக்குப் போய் வைத்தியம் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள்!

கைலாசம் சங்கத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"தலைவருக்கு என்ன?" என்று ஆபீசர் திரும்பினார்.

"ஒண்ணுமில்லீங்க சார்" என்று நாலு பெண்கள் ஒரே குரலில் சொன்னார்கள். இந்த ஊரில் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லையே. மருதாசலம், வாழ்க்கையில் முதல் தடவையாகக் கைலாசத்துக்கு உபகாரமாக, "கட்டட எடத்தைப் பாக்கலாம் வாங்க சார்" என்று ஆபீசரைச் சுண்ணாம்புக் கோட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். போகிறபோது அவர் நெற்றியிலும் வேர்த்திருந்தது.

டாக்டர் படியில் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரு கெட்ட பழக்கமுங்க. முகம் ஞாபகம் இருக்காது, நோய்தான் ஞாபகம் இருக்கும். செவ்வாயும் வெள்ளியும் எனக்கு நூத்தைம்பது பேரு வருவாங்க. இந்த நோட்டைப் பாத்தாலே, 'பாவம், பழனியம்மாள் வந்திருக்குது'ன்னு உள்ள விட்டுருவேன்." பக்கங்களைப் புரட்டினார். "மூணு வருஷத்துல அறுபத்தோரு நோய். ஆஸ்துமா. மஞ்சக் காமாலை. பித்தப்பைக் கல்லு. ரெண்டு பிரசவம், நடுவுல நாலு மாசந்தான் இடைவெளி. அந்த ரெண்டுக்கும் நடுவுல மாதவிலக்கு நின்னுபோனதுக்கு ஒரு தடவை வைத்தியம். வயசு இருபத்தி நாலுல ஆரம்பிச்சு அம்பத்தெட்டுக்குப் போயி முப்பத்தி ஒண்ணுக்குத் திரும்பி வந்திருக்குது. ரத்தம் மட்டும் மூணு குரூப்பு."

"நீங்க சந்தேகப்படலீங்களா?"

"கஷ்டப்படற ஒடம்புன்னு நெனச்சேன். மெட்ராசுல என்ற வாத்தியாருக்குக் கடுதாசி எழுதினேன். அவரும் ஆச்சரியப்பட்டாரு. ஆனா நாப்பத்தி ஏழாவதா சொல்லி மருந்து வாங்கிட்டுப் போன நோய் பொம்பளைங்களுக்கு வரவே வராதுங்க. அன்னைக்குத்தான் உக்காந்து யோசிச்சேன். போன செவ்வாக்கெழமை வந்தவங்ககிட்ட நோட்டை வாங்கி வெச்சுக்கிட்டேன்."

கைலாசம் எழுந்தார். தூணுக்குப் பின்னால் நின்றிருந்த கந்தம்மாளைக் கண்ணால் கூப்பிட்டு, நூல் அறைக்குள் போனார்.

"சொல்லு."

"என்னத்தைச் சொல்றதுங்க மாமா?"

"நாப்பத்தி ஏழாவது யாரு?"

"அது சின்னண்ண மாமாவுக்குங்க. மீசையை எடுத்துப்போட்டு சேலை கட்டீட்டு வாங்கன்னா கேக்கமாட்டீனுட்டாரு. அதான் நாங்களே அறிகுறியைச் சொல்லி மருந்து வாங்கியாந்தம்."

"மத்த அறுவதும்?"

கந்தம்மாள் முந்தானையைத் திருகினாள். பிறகு தெருவைப் பார்த்துக் கையை நீட்டி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் மெதுவாக நகர்த்தினாள். ஒரு வீடும் விடுபடவில்லை.

தார்க்கூடையைத் தூக்கிக்கொண்டு நூலுக்குப் போகிற மாதிரி செவ்வாயும் வெள்ளியும் பஸ் ஏறுவார்களாம். ஊருக்கு ஒரே நோட்டு. யாருக்கு நோயோ அவர்கள் கூடையில் அன்றைக்கு அது போகும். பழைய நோட்டு இருந்தால் வரிசையில் நிற்க வேண்டாம். சொந்தப் பெயரைச் சொன்னால் காப்பீட்டு அட்டையில் இருக்கிற பெயராகிவிடும், கிளெயிமில் வந்துவிடும். அட்டையில் இல்லாத பெயராக வேண்டும். அட்டை வருவதற்கு முன்னாலேயே போய்விட்டவள் பெயர்தான் கிடைத்தது.

"இழை அறுந்தா என்னுங்க மாமா பண்ணுவோம்? முடிச்சைத் துணிக்குப் பின்னால தள்ளீருவம். சங்கத்துல மேப்பக்கத்தைத்தான பாத்து எடுக்கறாங்க? அப்படித்தான் இதையும் பின்னால தள்ளுனம். நீங்கதான அமாவாசைக்கு அமாவாசை செங்கல்லு செங்கல்லுனு சொன்னீங்க?"

மூன்று வருஷமாக ஆரோக்கியத்தில் மிதந்த ஊர், கைலாசத்தின் கண் முன்னாலேயே காலி மருந்துப் பாட்டில்களாக மாறிக்கொண்டிருந்தது.

"இந்தப் பேரைச் சொல்லலாம்னு மொதல்ல சொன்னது யாரு?"

கந்தம்மாள் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் நூல் அறை வாசலில் வந்து நின்றார். கையில் பழுப்பு உறை.

"மத்தவங்க பொறுத்துக்கலாமுங்க. நான் வந்தது இந்த ஒரு ஆளைத் தேடித்தான். இதயத்துல வால்வு சுருங்கிப்போச்சு. ஒரு வருஷமா மாத்திரையில ஓடுது. ஆபரேஷன்னு எழுதிக் குடுத்தேன். 'ஏப்ரல் பொறக்கட்டும், அப்புறம் பாக்கலாம்'னு சொல்லிட்டுப் போனவங்க ஆறு வாரமா ஆளைக் காணோம். ஏன் ஏப்ரல்னு அப்பத் தெரியல. முகமும் ஞாபகமில்ல. இந்தப் படம் மட்டும் இருக்குது."

எக்ஸ்ரே படத்தை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். விலா எலும்புகள். நடுவில் அளவுக்கு மீறிப் பருத்த இதயம், நிழல் மாதிரி.

"தாலியைக் கழட்டச் சொன்னதுக்கு மாட்டேன்னுட்டாங்களாம். அதான் இது இப்படி விழுந்திருக்குது."

பருத்த இதயத்தின் மேல், பளிச்சென்று வெள்ளையாக, ஒரு சாவி விழுந்திருந்தது. நீளமான தண்டு, மூன்று பல், வளையத்தில் ஒரு நெளிவு. வளைத்தவரே கைலாசம்தான். பீரோ திறக்காத அன்றைக்குச் சுத்தியால் தட்டியது.

ஆத்தா மாரியாயி!

கந்தம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். கைலாசம் படத்தைக் கையில் வாங்கவில்லை, தொடக்கூட இல்லை. உட்கார்ந்து தூங்கும் வேண்டுதல் எந்தச் சாமிக்கு என்று இப்போது தெரிந்துவிட்டது.

"ஆபரேஷன் பண்ணாட்டி?"

"அதை ஏனுங்க கேக்கறீங்க? பண்ணீரலாம். மெட்ராசுல பண்றாங்க. செலவு உங்க காப்பீட்டுலயே கெடைக்கும். இன்னைக்கு எழுதிக் குடுத்தா இன்னைக்குக் கணக்குதான்."

அது நாலாவது கிளெயிம்.

வாசலில் ஆபீசரின் குரல் கேட்டது. "தலைவரே, எடம் பிரமாதம். சீலை எடுங்க, குத்திட்டுக் கெளம்பலாம்."

சீல், அதே நூல் அறையிலிருந்த பீரோவில். பீரோ பூட்டு. சாவி தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தது.

முத்தாயம்மாள் பாவுக்குப் பக்கத்தில் ஒரு தடவை நின்றாள். வேப்ப மரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை. சங்கத்துப் படியில் ஒரு தடவை. இந்த மூன்று நிற்றலையும் கைலாசம் இந்த ஒரு வருஷத்தில் ஆயிரம் தடவை பார்த்திருப்பார். இன்றைக்குத்தான் எண்ணினார்.

உள்ளே வந்து, டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டாள். டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார், ஞாபகம் வரவில்லை. மூச்சைக் கேட்டார்; வந்துவிட்டது. கையிலிருந்த படத்தை மெதுவாக உறைக்குள் போட்டார்.

முத்தாயம்மாள் குனிந்து, கழுத்தில் தொங்கியபடியே சாவியைப் பூட்டில் நுழைத்துத் திருப்பினாள். மேல் தட்டில் சீல். கீழ்த் தட்டில் கிளெயிம் பாரக் கட்டு, மூன்றே மூன்று கிழித்தது போக மீதி அப்படியே புதுசாக. அவள் கை மேல் தட்டுக்குப் போனது. கைலாசம் கை கீழ்த் தட்டுக்குப் போனது.

"அதை வெய்யுங்க."

"நீ அதைக் குடு, முத்தாயி."

"சீலைக் குத்தறீங்கன்னா குடுக்கறேன்."

"குத்தத்தான் போறேன்."

"எதுல?"

கைலாசம் கட்டிலிருந்து ஒரு பாரத்தைக் கிழித்தார்.

"ஏனுங்க, இன்னைக்கு ஒரு நாளுங்க. நாளைக்கு வேற கணக்குல சேத்தி, மொள்ள பாத்துக்கலாம். ஒரு வருசம் பொறுத்தவளுக்கு ஒரு நாளு பொறுக்கத் தெரியாதா?"

"நாளைக்குக் கணக்கு புதுசுதான். ஆனா புதுசாச் சேர்ற கணக்குல ஆறு மாசத்துக்குப் பழைய நோவுக்குக் குடுக்கமாட்டாங்க. விதிப் புத்தகத்துல அதுவும் கடைசிப் பக்கத்துலதான் இருக்குது."

முத்தாயம்மாளுக்கு அது தெரியாது. அவள் முதல் பக்கத்திலிருந்து படிக்கிற ரகம். முகம் ஒரு கணம் வெளுத்து, பிறகு திடமானது.

"ஆறு மாசமும் இருந்துக்குவேன். நாலு செவுரு எந்திரிக்கட்டும். பழனியை ஏத்துன வண்டியில நீங்க முன்னால உக்காந்து மாட்டை ஓட்டுனீங்க. தலையை மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தவ நாந்தான். நாலாவது கல்லுல என்ன ஆச்சுன்னு உங்களுக்குச் சத்தம் நின்னதுதான் தெரியும். எனக்கு மித்ததும் தெரியும்."



"அதுக்கோசரந்தான் சொல்றேன்" என்றார் கைலாசம். "இன்னொரு வாட்டி வண்டியைத் திருப்பிட்டு வர எனக்குத் தெம்பில்ல புள்ள."

அவள் பிடி தளர்ந்தது. அவர் சீலை வாங்கினார். பாரத்தை மேசையில் விரித்தார். பெயர் எழுதினார், முத்தாயம்மாள், அவளுடைய சொந்தப் பெயர். ஆள் தப்பிப்போய்விடும் என்பது போல மையை அழுத்தி ஒற்றிச் சீலைக் குத்தினார். தெருக்கோடி வரைக்கும் கேட்டதாக இன்றைக்கும் சொல்கிறார்கள்.

ஆபீசர் வெள்ளியங்கிரி உள்ளே வந்தபோது மை காயவில்லை. பாரத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் படித்தார்.

"நாலாவதா? இன்னைக்கா? பதினொண்ணே காலுக்கா?"

"ஆமாங்க சார்."

"ரிபேட் போச்சே தலைவரே."

"போச்சுங்க சார்."

வெளியே ஜன்னலில் அடுக்கடுக்காகப் பெண்கள் முகம். அதில் ஒருத்தி மூன்று வருஷமாக அடக்கி வைத்திருந்த இருமலை இருமினாள். இனிமேல் என்ன என்று பக்கத்தில் இருந்தவளும் இருமினாள். அப்புறம் தெருவே இருமியது.

டாக்டர் தெய்வநாயகி நோட்டை ஆபீசர் முன்னால் வைத்தார். "இதையும் ஒரு தடவை படிச்சிருங்க."

ஆபீசர் படித்தார். முதலில் நின்றபடி. பிறகு நாற்காலியில். அரை மணி நேரம் ஆயிற்று. சோடா வந்தது, குடிக்கவில்லை. அறுபத்தோராவது நோயைப் படித்து முடித்ததும் மூக்கை உறிஞ்சினார்.

"ஒரே பொம்பளைக்கு இத்தனையா?"

டாக்டர் வாயைத் திறந்தார். கந்தம்மாள் அவர் காலை மிதித்தாள். டாக்டர் வாயை மூடிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

ஆபீசர் காகிதத்தை நம்புகிறவர். காகிதத்தில் இருந்தால் அது நடந்தது. "இவ்வளவு நோயோட, காப்பீட்டுல சேராம, ஒரு நயாபைசா சர்க்காரைக் கேக்காம இந்த அம்மா பஸ்ஸுல போயிட்டு வந்திருக்குது! இந்த ஒருத்திக்காகவே இங்க ஆஸ்பத்திரி வெக்கலாமய்யா! தலைவரே, மேலதிகாரிக்கு ஒரு அதிகாரம் இருக்குது. ஊருக்குள்ள வைத்தியத்துக்கு வழியே இல்லேன்னு ஆதாரத்தோட காட்டுனா, கிளெயிம் கூடியிருந்தாலும் ரிபேட்டைக் குடுக்கலாம். இது ஆதாரம். நான் எழுதி அனுப்பறேன்."

கைலாசம் விரலை விட்டுக் காதைக் குடைந்துகொண்டார். மனைவிக்கு ஆபரேஷனும் உண்டு, நர்சம்மாவுக்குச் சுவரும் உண்டு என்றா சொல்கிறார் இந்த மனிதர்?

ஆபீசர் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "ஒரே ஒரு சம்பிரதாயந்தான். நோட்டுக்குச் சொந்தக்காரங்க மேலதிகாரி முன்னால நேர்ல வரணும். கைநாட்டு ஒண்ணு, போட்டோ ஒண்ணு. வர்ற திங்கட்கிழமை பத்து மணிக்கு சேலம் ஆபீசு. யாரு இந்தப் பழனியம்மாள்? எங்க இருக்குது?"

இருமல் சட்டென்று நின்றது.

கைலாசம் எழுந்தார். பொய்க்கு ஒரு எல்லை வேண்டும். ஊர் தெரிந்தோ தெரியாமலோ அந்த எல்லையைத் தாண்டி மூன்று வருஷம் ஆகிவிட்டது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தொண்டையைச் செருமினார். "சார், பழனியம்மாள் வந்துங்க..."

"உள்ளூர்ல இல்லீங்க சார், வெளியூர் போயிருக்குது" என்றாள் முத்தாயம்மாள்.

பீரோவைச் சாத்தினாள். குனிந்து பூட்டினாள். சாவியை நெஞ்சின் மேல் போட்டுக்கொண்டு, இரண்டு மூச்சு வாங்கி, மூன்றாவது மூச்சில் நிதானமாகச் சொன்னாள்.

"திங்கக்கெழமைதானுங்க? கூட்டியாந்தர்றமுங்க."